பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லும் சங்கத் தீர்மானம்: வாசகி ஒருவருக்கு வழக்கறிஞரின் பதில்

பள்ளிக்கரணைக்கு அருகே சொந்த வீட்டில் வசிக்கும் 61 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவருடைய தெருவையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் மறைந்த பிறகு மாடிப் பகுதியின் வாடகைதான் அவருக்கு முதன்மையான வருமானம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்டுமான மேஸ்திரி, ஒடிசாவையும் பீகாரையும் சேர்ந்த எட்டு இளைஞர்களை அங்கே குடிவைத்தார். தலைக்கு மாதம் 2,500 ரூபாய் வாடகை. எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. யார் எப்போது பணம் கொடுத்தார்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் 5ஆம் தேதி இரவு எட்டு மணியளவில் அடுத்த தெருவில் ஒரு பெண்ணின் சங்கிலியை யாரோ பறித்துச் சென்றுவிட்டார்கள். மறுநாள், மாடியில் குடியிருப்பவர்களில் ஒருவரான, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் தெருவில் நடந்து செல்லும் படத்தைச் சிசிடிவி பதிவிலிருந்து எடுத்து, 'இவன்தான் திருடன்' என்று குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடிய சங்கம், வட மாநிலத்தவருக்கு வீடு கொடுத்தவர்கள் பதினைந்து நாளில் காலி செய்ய வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து இரவு பத்து மணிக்கு ஆறேழு பேர் மாடிக்கு ஏறி, அந்த இளைஞர்களை வரிசையாக நிற்க வைத்து ஆதார் அட்டை கேட்டிருக்கிறார்கள். 'இவர்கள் வங்கதேசத்துக்காரர்கள்' என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

சங்கத் தீர்மானத்துக்குத் தான் கட்டுப்பட வேண்டுமா, உடனே அவர்களை வெளியேற்ற முடியுமா, வெளியேற்றாமல் விட்டு நாளை ஏதேனும் நடந்தால் தன் மீது வழக்கு வருமா என்று வாசகி கேட்கிறார். திருட்டு பெருகியது, தண்ணீர் பற்றாமல் போனது, குப்பை சேர்ந்தது, ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த தன் மகன் வேலையிழந்தது ஆகிய எல்லாவற்றுக்கும் இவர்களே காரணம் என்று கூட்டத்தில் பேசியது தனக்கும் சரியென்றே பட்டதாக மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இப்படியும் ஒரு வரி இருக்கிறது: 'ஆனால் அந்தப் பையன் அப்படிச் செய்திருக்க மாட்டான். அன்றைக்குக்கூட ஏழரை மணி சீரியல் தொடங்கும்போது வாடகை கொடுக்க வந்தவன், எங்கள் மோட்டார் ஓடாததைப் பார்த்துவிட்டு எட்டரை மணி வரை உட்கார்ந்து சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனான்.'

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

தெருவில் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது, தனியாக இருக்கும் ஒரு பெண்மணி மறுபக்கம் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். உங்கள் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணின் வலியும் உண்மையானது. அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அந்த நியாயம் எந்த வழியில் கிடைக்கும், எந்த வழியில் கிடைக்காது என்பதையும் சேர்த்தே உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

சங்கத்தின் தீர்மானம்

அது உங்களைக் கட்டுப்படுத்தாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட நலச் சங்கமாக இருந்தாலும், உங்கள் சொந்த வீட்டில் யார் குடியிருக்கலாம் என்று ஆணையிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. தெருவிளக்கு, குப்பை, காவலாளி போன்ற பொதுக் காரியங்களுக்குச் சந்தா வசூலிக்கலாம்; உறுப்பினர்களுக்கு வேண்டுகோள் விடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது. பொதுநலனுக்காக அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதை விதிக்க வேண்டியது சட்டத்தின் வழியாக அரசு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கி விதிக்க முடியாது. 'இத்தனை நாளுக்குள் வெளியேறு' என்று ஒரு கூட்டம் கெடு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அருணாசலப் பிரதேசத்தில், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய சக்மா மக்களுக்கு ஒரு மாணவர் அமைப்பு அப்படிக் கெடு வைத்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பில், குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டது என்றும், மாநிலத்தை விட்டுப் போகாவிட்டால் விளைவுகளைச் சந்திப்பீர்கள் என்று எந்தக் குழுவும் மிரட்டுவதை அரசு அனுமதிக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. உங்கள் சங்கத் தலைவர் படித்தவர், ஓய்வு பெற்ற அதிகாரி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி எழுத்து மூலமாகவே கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் விவாதம் முற்றும். கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ஒருவர் யோசிப்பார்.

இரவில் மாடிக்கு ஏறி ஆதார் கேட்டது இதைவிடக் கடுமையான விஷயம். அது உங்கள் வீடு. உங்கள் அனுமதியில்லாமல் அங்கே நுழைந்து, குடியிருப்பவர்களை மிரட்டி வரிசையில் நிற்க வைப்பது அத்துமீறலும் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தலும் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, பிறந்த இடம், வசிப்பிடம், மொழி ஆகியவற்றின் பெயரால் மக்களிடையே பகையைத் தூண்டுவதை மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 117ஆம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் உட்பிரிவின்படி, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடிப் பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால், கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அன்று மாடிக்கு வந்தவர்கள் ஆறேழு பேர். நல்ல வேளையாக யாரும் கை ஓங்கவில்லை. ஒருவர் ஓங்கியிருந்தால் உங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள் இன்று முன்ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருக்கும் என்பதை அவர்களுடைய வீட்டுப் பெண்களிடம் நீங்கள் பேசிப் பார்க்கலாம்.

உங்கள் வீடு, உங்கள் உரிமை, அதன் எல்லை

உங்கள் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதில் உங்களுக்குப் பெருமளவு சுதந்திரம் உண்டு. பிறப்பிடத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அரசமைப்பின் 15ஆம் பிரிவு பெரிதும் அரசை நோக்கிப் பேசுகிறது. கடை, உணவகம், கிணறு போன்ற பொது இடங்களில் தனி மனிதரையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு சமூகத்தார் நடத்தும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர் தகுதியை அந்தச் சமூகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் இருக்கிற சட்டத்தை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன்.

எனினும், புதிதாக ஒருவருக்கு வீடு தர மறுப்பது வேறு, இரண்டு ஆண்டுகளாக வாடகை கொடுத்து வாழ்பவரை வெளியே தள்ளுவது வேறு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் அதைச் செய்யவில்லை. ஒப்பந்தம் இல்லாததால் அவர்களை எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அது தவறு. ஒப்பந்தம் இல்லாமை உங்கள் நிலையையும் சேர்த்தே பலவீனப்படுத்துகிறது. பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது, சாமான்களைத் தெருவில் வைப்பது ஆகியவற்றில் எதையும் செய்யாதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே மாடி தேவைப்பட்டால், போதிய அவகாசம் கொடுத்து எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுங்கள். அட்வான்ஸைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் போக மறுத்தால் வாடகை நீதிமன்றத்தை அணுகுங்கள். அது உங்கள் முடிவாக இருக்க வேண்டும். சங்கம் வைத்த கெடுவின் முடிவாக இருக்கக் கூடாது.

குடியிருப்பவர் செய்யும் குற்றத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பாக மாட்டார். தெரிந்தே உதவினால், திருட்டுப் பொருளை வைத்திருக்க இடம் கொடுத்தால், அப்போதுதான் கேள்வி எழும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று காவல் ஆணையர் அவ்வப்போது உத்தரவிடுவது உண்டு. அப்படி ஓர் உத்தரவு நடைமுறையில் இருக்கும்போது தராமல் இருந்தால் அதற்கு வழக்குப் பதியலாம். ஆகவே எட்டுப் பேரின் பெயர், ஊர், அடையாள அட்டை நகல், வேலை செய்யும் இடம், மேஸ்திரியின் தொலைபேசி எண் ஆகியவற்றை நீங்களே காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அது அவர்களுக்கும் பாதுகாப்பு. நாளை யாரேனும் 'அடையாளம் தெரியாதவர்கள்' என்று பேச முடியாது.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எட்டுப் பேர் தலைக்கு 2,500 ரூபாய் என்றால் மாதம் 20,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு விட்டால் 12,000 தான் கிடைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அறை, ஒரு கழிப்பறை, எட்டுப் பேர். செப்டிக் டேங்க் அடிக்கடி நிரம்பி வழிகிறது, அவர்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்கிறீர்கள். எந்த ஊர்க்காரர் எட்டுப் பேரை அங்கே வைத்தாலும் அந்தத் தொட்டி நிரம்பத்தான் செய்யும். கட்டடத் தொழிலாளிக்குத் தற்காலிகத் தங்குமிடத்தை இலவசமாகத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தக் கடமையைத் தட்டிக்கழித்த ஒப்பந்ததாரரின் செலவை அந்த இளைஞர்கள் தங்கள் கூலியிலிருந்து உங்களிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்களைக் குறையுங்கள், அல்லது இன்னொரு கழிப்பறை கட்டுங்கள். குடும்பத்துக்கு விட்டால் கிடைப்பதைவிடக் கூடுதலாக வரும் அந்த 8,000 ரூபாயில் ஒரு பங்கு அதற்குச் செலவாக வேண்டியது நியாயம்.

'வங்கதேசத்துக்காரர்கள்' என்ற பேச்சு

வங்க மொழி பேசுவது ஒருவரை வெளிநாட்டவர் ஆக்காது. மேற்கு வங்கத்தில் பல கோடிப் பேரும் திரிபுராவில் பெரும்பான்மையினரும் பேசும் மொழி அது. உங்கள் மாடியில் இருப்பவர்களோ ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிறவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருக்காரருக்கு இம்மொழிகளின் வேறுபாடு தெரியாதது ஒரு குற்றமல்ல. தெரியாமலேயே தீர்ப்புச் சொன்னதுதான் குற்றம். வெளிநாட்டவர் ஒருவருக்கு வீடு கொடுத்தால் அதைக் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் அதையே சொல்கிறது. உண்மையான ஐயம் இருந்தால் காவல்துறையிடம் சொல்லலாம். குடியுரிமையைச் சோதிப்பது அரசின் வேலை. ஆதார் அட்டையோ குடியுரிமைச் சான்றே அல்ல. இரவு பத்து மணிக்கு அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

இனி, உங்களுக்கும் சரியென்று பட்ட அந்தப் பேச்சுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

திருட்டில் வெளியூர்க்காரர்கள் பிடிபட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில், உங்களுக்கு அருகிலேயே வேளச்சேரியில், வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டவர்கள் என்று காவல்துறை சொன்ன ஐந்து வட மாநிலத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் குடியிருப்போர் விவரம் தர வேண்டும் என்ற உத்தரவு சென்னையில் பரவலாகத் தெரிய வந்தது. ஐந்து பேர் மீது எழுந்த குற்றச்சாட்டின் சுமை, இந்த நகரில் வாடகை வீடு தேடிய ஆயிரக்கணக்கானோர் தலையில் இறங்கியது. அதற்கும் முன்பு, 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்களுக்குச் சென்னையில் வீடு கிடைப்பது அரிதாகிப் போனது. கைக்குழந்தையோடு வந்தவளையும் வீட்டுக்காரர்கள் குண்டு வைத்தவர்களின் ஆளாகவே பார்த்தார்கள். அவர்கள் பேசியது தமிழ்தான். அந்தத் தமிழின் சாயலைக் கேட்டே கதவைச் சாத்தினார்கள்.

பழி எப்படி வழி தவறும் என்பதற்கு 2018 மே மாதம் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். வட நாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, வழியில் ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்த கூட்டம் அடித்தே கொன்றது. அதே மாதம் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவரும் அதே வதந்தியால் கொல்லப்பட்டார். தமிழ் பேசும் மூதாட்டியாலும் 'நான் அவளில்லை' என்று அந்தக் கூட்டத்தை நம்ப வைக்க முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். படத்தில் இருப்பவரும், பார்ப்பவரும், அடிக்கப் போகிறவரும் எப்போது இடம் மாறுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய ஆண்டில் பருவமழை பொய்த்தது. தண்ணீர் தங்க வேண்டிய இடங்களை நாம் கட்டடமாக்கிவிட்டோம். பல ஆயிரம் ஏக்கர் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் எஞ்சிய பகுதி 2022இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சதுப்பிலேயே பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை பெருங்குடிக் கிடங்கில் கொட்டப்பட்டது. சதுப்பை நிரப்பி மனை போட முடிவெடுத்தவர்கள் கஞ்சத்திலிருந்து வந்த கொத்தனார்கள் அல்ல. 2020 ஊரடங்கில் அவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்களே, அந்த மாதங்களில் உங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி ஒழுங்காக வந்ததா, குப்பை குறைந்ததா என்பதை நீங்களே நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

'இவர்கள் வந்துதான் தண்ணீர் பற்றவில்லை' என்ற சொல்லை நான் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். என் பாட்டி பர்மாவிலிருந்து வந்தவர். 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் வணிகமும் நாட்டுடைமையானபோது, இந்தியர்கள்தான் தங்கள் நாட்டைச் சுரண்டினார்கள் என்ற பேச்சு அங்கே வலுத்திருந்தது. வட்டிக்குக் கொடுத்தவரும் நெல்வயலில் கூலி வேலை செய்தவரும் அந்தப் பேச்சில் ஒன்றாகிவிட்டார்கள். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டபோது, அங்கே தெருக்குழாயில் நின்றவர்கள், 'பர்மாக்காரங்க வந்துதான் தண்ணி பத்தல' என்று குடத்தை நகர்த்தி வைத்தார்களாம். ரங்கூனில் இந்தியர் என்று துரத்தப்பட்டவர், சென்னையில் பர்மாக்காரர் ஆனார். பாட்டி இதைச் சொல்லும்போது கோபப்பட்டதில்லை. அந்தக் குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்பதை மட்டும் தவறாமல் சேர்த்துச் சொல்வார். அரை மணி நேரம்தான் தண்ணீர் விட்டவர் யார் என்று அந்த வரிசையில் நின்ற யாரும் கேட்கவில்லை. உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

உங்கள் மகனின் வேலை

உங்கள் மகனுக்கு நேர்ந்தது அநியாயம் என்றே எனக்கும் படுகிறது. நான்கு ஆண்டு வேலை செய்தவரை ஒரே நாளில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களை வைத்திருக்கிறார்கள். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவரை நிறுத்தியவர் அந்த ஜார்க்கண்ட் இளைஞர் அல்ல. ஆளெடுக்கும் ஒப்பந்ததாரர் ஏன் அவரை விரும்புகிறார்? ஊர் தொலைவு, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினாலும் புகார் கொடுக்க மாட்டார், தங்குமிடமும் ஒப்பந்ததாரரின் கையில், தொழிற்சங்கத்தில் சேர மாட்டார். அவருடைய பலவீனம்தான் ஒப்பந்ததாரருக்கு லாபம். வேறு மாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்குத் தரும் கூலியையே தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் சொன்னது. அது ஒழுங்காக நடைமுறைப்பட்டிருந்தால், மலிவு என்பதற்காக ஒருவரை எடுத்து மற்றவரை நிறுத்தும் காரணமே இருந்திருக்காது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. குறைந்தபட்சக் கூலி இப்போதும் இருவருக்கும் ஒன்றுதான். அந்த இளைஞரை அச்சுறுத்தி, இன்னும் பலவீனமாக்கினால், ஒப்பந்ததாரர் அவரை இன்னும் மலிவாக வாங்குவார். உங்கள் மகன் வேலை கேட்டுப் போகும்போது அந்தக் கூலியோடுதான் போட்டியிட வேண்டியிருக்கும்.

உங்கள் மகன் வருங்கால வைப்புநிதிக் கணக்கு விவரம், ஈஎஸ்ஐ அட்டை, வங்கியில் சம்பளம் வந்த பதிவு, நுழைவு அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலரைச் சந்திக்கட்டும். ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை முன்னறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. ஒப்பந்ததாரர் கையை விரித்தால், நிலுவைக் கூலிக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். செலவுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். உங்கள் மாடியில் இருப்பவர்களும் அதே எண்ணை அழைக்கலாம் என்று அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, அந்த மூன்றாம் பக்கத்து வரி.

சங்கிலி பறிக்கப்பட்டது எட்டு மணிக்கு. ஏழரையிலிருந்து எட்டரை வரை அந்த இளைஞர் உங்கள் கண் முன்னால் மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, நீங்கள் ஒரு வீட்டுக்காரராக மட்டும் இந்த விஷயத்தில் இல்லை; நீங்கள் சாட்சி. அவர் அங்கே இருந்திருக்க முடியாது என்று நேரில் பார்த்ததைச் சொல்லக்கூடியவர், கடிதத்தின்படி, நீங்கள் ஒருவர்தான். கூட்டத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. பயந்திருப்பீர்கள், கண்டிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நாள் போகப் போக, 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வியின் எடை கூடிக்கொண்டே போகும்.

நாளைக் காலையிலேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். அவர் வந்த நேரம், என்ன செய்தார், அப்போது வீட்டில் வேறு யார் இருந்தார்கள், எப்போது போனார் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். 'நல்ல பையன்', 'செய்திருக்க மாட்டான்' போன்ற வார்த்தைகள் வேண்டாம், பார்த்தது போதும். சங்கிலிப் பறிப்பு வழக்கை விசாரிக்கும் ஆய்வாளருக்கு முகவரியிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னால் நீங்கள் போக வேண்டியதில்லை. பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரவழைக்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் பெறட்டும். அப்பாவி ஒருவர் விலகினால்தான் சங்கிலியை உண்மையில் பறித்தவரைத் தேட ஆரம்பிப்பார்கள். பறிகொடுத்த பெண்ணுக்கும் அதுவே உதவி.

அந்த இளைஞரின் படத்தை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கும்படியும், திருடன் என்று எழுதியது அவதூறு என்பதையும், படத்தைப் பகிர்ந்தவருக்கும் குழு நிர்வாகிக்கும் எழுதுங்கள். அதற்கு முன்பு அந்தப் பதிவை, தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி, உங்கள் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது அந்த இளைஞரின் முடிவு, அவரிடம் கேளுங்கள். மறுபடியும் யாராவது இரவில் மாடிக்கு ஏறினால், கதவைத் திறக்காமல் 112க்கு அழையுங்கள்.

வாடகைக் கணக்கு எழுதும் அந்த நோட்டுப் புத்தகத்தில் 5ஆம் தேதிக்கு நேரே அவர் பெயரும் தொகையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் இனிமேல் எதையும் திருத்தவோ சேர்க்கவோ வேண்டாம். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள், நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.